பம்பைக் கழற்றுவதற்கு முன்னால்

பழைய டீசல் பிக்அப் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் முதல் பழி விழுவது டீசல் பம்பின் மேல்தான். "பம்ப் போச்சு" என்ற இரண்டு சொல் எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிடுகிறது! எரிபொருள் அமைப்பிலேயே அதிக விலையுள்ள உறுப்பு அது. சாதாரணமாகப் பிரித்துப் பார்க்க முடியாது, உள்ளே என்ன நடக்கிறதென்று பலருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் குற்றத்தைப் போட்டுவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. என் பிக்அப்புக்கும் அந்தத் தீர்ப்பு ஒரு பட்டறையில் எழுதப்பட்டது. பானெட்டைத் திறந்து, இரண்டு முறை செல்ஃப் அடித்து, அவ்வளவுதான் விசாரணை. பம்பைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வண்டி இன்றும் அதே பம்பில்தான் ஓடுகிறது. டீசல் வந்து சேரும் வழியைச் சோதிக்காமல் பம்பைக் கழற்றுவது வண்டிக்கும் அநியாயம், உரிமையாளருக்கும் அநியாயம். அந்த வழியை எப்படிச் சோதிப்பது, எதை மாற்றுவது, மாற்றும்போது எங்கே கவனம் தேவை என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் எந்த மாதிரி என்ஜின் என்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் கிடையாது, காமன் ரெயில் (புது வண்டிகளில் எல்லா சிலிண்டருக்கும் பொதுவாக உள்ள உயரழுத்தக் குழாய்) கிடையாது. நாலு சிலிண்டர், ப்ரீசேம்பர் வகை (சிலிண்டரை ஒட்டிய சின்ன அறையில் டீசல் எரியத் தொடங்கும்), ரோட்டரி பம்ப் (சுழன்றபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்து டீசல் அனுப்பும்). டேங்கிலிருந்து டீசலை இழுக்கத் தனியாக ஃபீட் பம்ப் இல்லை. ரோட்டரி பம்புக்கு உள்ளேயே இருக்கும் சின்ன வேன் பம்ப் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ஃபில்டர் தலையில், டீசலை இழுத்து நிரப்பக் கையால் அமுக்கும் பிரைமர் ஒன்று உண்டு. இந்தக் கட்டமைப்பில் டேங்க் முதல் பம்ப் வாசல் வரை உள்ள மொத்தப் பாதையும் உறிஞ்சலில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நோய் என்னவென்றால், இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் நீளமாகச் செல்ஃப் கேட்கும். பிறகு தட்டுத்தடுமாறிப் பிடித்து, கொஞ்ச நேரம் மிஸ்ஸிங்கோடு ஓடி, சரியாகிவிடும். அன்று முழுக்க எத்தனை முறை நிறுத்தினாலும் உடனே ஸ்டார்ட் ஆகும். இது ஒன்று. இரண்டாவது, பாரம் ஏற்றி மேட்டில் இழுக்கும்போது ஒரு கட்டத்துக்கு மேல் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் ஏறாது. காலை எடுத்துக் கொஞ்சம் மெதுவாக விட்டால் திரும்ப இழுக்கும். இரண்டுக்கும் ஒரே காரணம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இரண்டும் வேறு வேறு நோய்கள். ஒரே வண்டியில் ஒரே சமயத்தில் குடியிருந்தன. பழைய வண்டிகளில் இது சகஜம். ஒரு பாகத்தை மாற்றியதும் பாதிதான் சரியானது என்றால், மாற்றியது தப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர் குழாயைப் பாருங்கள். இதைவிட மலிவான சோதனை கிடையாது. வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை என்றால், டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். ஹீட்டர் பிளக் (குளிர்ந்த என்ஜினைச் சூடேற்றும் மின் பிளக்), கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அமுங்குவது), டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) பக்கம் போக வேண்டும். புகையே வரவில்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை. கறுப்புப் புகை, ஓடும்போது, காற்றுக்குப் பொருந்தாத அளவு டீசல் போகிறது என்று சொல்கிறது. அடைத்த ஏர் ஃபில்டராகவும் இருக்கலாம், சொட்டுகிற நாசிலாகவும் (டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நுனி) இருக்கலாம். நீலப் புகை என்ஜின் ஆயில், அது இந்தக் கட்டுரைக்கு வெளியே. என் வண்டியில் செல்ஃப் அடித்த முதல் பகுதி முழுக்கக் குழாய் சுத்தமாக இருந்தது. பிறகு திடீரென்று வெள்ளையாக ஒரு மூட்டம், அதோடு என்ஜின் இரண்டு மூன்று சிலிண்டரில் பிடித்தது. டீசல் தாமதமாக வந்து சேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் தேவையில்லை.

எரிபொருள் பக்கம் போவதற்கு முன்னால் பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது; அமுக்கப்பட்ட காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. மெதுவாகச் சுற்றும் என்ஜினில் அந்தச் சூடு சிலிண்டர் சுவர் வழியாகக் கசிந்துவிடும். ஹீட்டர் பிளக்கைச் சோதிக்க ஒரு டெஸ்ட் லாம்ப் போதும்: பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, லாம்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் வைத்து மறுமுனையால் ஒவ்வொரு பிளக்கையும் தொட வேண்டும். எரியாத இடத்தில் பிளக் செத்துவிட்டது.

இனி காற்று.

உறிஞ்சும் பாதையில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் உறிஞ்சிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதனால் வண்டிக்கு அடியில் தரை காய்ந்தே இருக்கும். "எங்கேயும் லீக் இல்லையே" என்று சொல்லிப் பம்பைக் கைகாட்டுவது இதனால்தான். என்ஜின் ஓடும்போது மயிரிழை ஓட்டையில் நுழையும் காற்றைப் பம்ப் ஓரளவு சமாளித்து, ரிட்டர்ன் (மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் குழாய்) வழியாக டேங்குக்கே அனுப்பிவிடும். நிறுத்தி வைத்த பிறகுதான் வினை. அந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைய நுழைய, பைப்பில் நின்ற டீசல் தன் எடையில் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடும். காலையில் பம்ப் அந்தக் காலிக் குழாயை முதலிலிருந்து உறிஞ்ச வேண்டும். பகலில் உடனே ஸ்டார்ட் ஆவதன் ரகசியமும் இதுவே. இறங்கப் போதுமான நேரம் கிடைப்பதில்லை.

இதை உறுதி செய்ய ஸ்பேனர்கூட எடுக்க வேண்டாம். காலையில் சாவி போடுவதற்கு முன் கை பிரைமரை அமுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று அமுக்கில் கல் மாதிரி இறுகினால் பைப் நிறைந்திருக்கிறது. தொளதொளவென்று அமுங்கிக்கொண்டே இருந்து, வெகு நேரம் கழித்து இறுகி, அதன் பிறகு ஒரே செல்ஃபில் என்ஜின் பிடித்தால், டீசல் பின்வாங்குகிறது என்பது நிரூபணம். இன்னொன்று: இரவில் வண்டியைச் சரிவில் நிறுத்திப் பார்க்கலாம். டேங்க் பின்னால் இருக்கும் பிக்அப்பில், மூக்கு மேலே பார்க்க நிறுத்தினால் டீசல் வேகமாக இறங்கி மறுநாள் தொல்லை கூடும்; மூக்கு கீழே பார்க்க நிறுத்தினால் தொல்லை குறையும் அல்லது காணாமலே போகும். பம்பின் உட்புறத் தேய்மானம் இப்படிச் சரிவைப் பார்த்து நடந்துகொள்ளாது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை, கண்ணாடி ஹோஸ். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு அதே அளவில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை மாட்ட வேண்டும். ரிட்டர்ன் ஹோஸிலும் ஒன்று. என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் டீசல் தேன் நிறத்தில் அசையாமல் நிற்பது போலத் தெரியும். ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும். குமிழி வந்தால்தான் அது ஓடுவது தெரியும். என் வண்டியில் கடுகு அளவில் குமிழிகள் குழாயின் மேல் சுவரை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வந்தன. ஆக்சிலரேட்டரைக் கொடுத்தபோது சின்னக் குமிழிகள் சேர்ந்து நீளமாக, பட்டுப்புழு போல உருண்டு பம்புக்குள் போயின. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்த பிறகு விவாதத்துக்கு இடமில்லை. குமிழி பம்ப் வாசலுக்கு முன்னாலேயே இருக்கிறது, எனவே குற்றம் பம்புக்கு முன்னால்.

முன்னால் என்றால் எங்கே? பாதையைப் பாதி பாதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு சுத்தமான கேனில் டீசல் எடுத்துப் பம்பைவிட உயரத்தில் வைத்து, பம்ப் வாசலுக்கு நேராக ஹோஸ் கொடுத்து, ரிட்டர்னையும் அதே கேனில் விட்டால், டேங்க், சேஸிஸ் பைப், ஃபில்டர் மூன்றும் ஆட்டத்திலிருந்து விலகிவிடும். இரவு முழுக்க அப்படியே விட்டுக் காலையில் ஒரே செல்ஃபில் பிடித்தால் பம்ப் நிரபராதி. பிறகு கேனை ஃபில்டருக்கு முன்னால் மாற்ற வேண்டும். இப்போது ஃபில்டர் பகுதி அழுத்தத்தில் இருப்பதால், அதில் ஓட்டை இருந்தால் காற்று நுழைவதற்குப் பதிலாக டீசல் வெளியே பூக்கும். என் பிரைமரின் தண்டைச் சுற்றி மெல்லிய ஈரம் வந்தது. உள்ளே இருந்த ரப்பர் சீல் கெட்டிப்பட்டுப் போயிருந்தது. பிரைமர் தலையோடு சேர்த்து மாற்றினேன். குமிழி பாதியாகக் குறைந்தது, நிற்கவில்லை.

மீதிக் காற்று சேஸிஸ் பைப்பில் இருந்தது. டேங்க் பக்கமும் ஃபில்டர் பக்கமும் கழற்றிவிட்டு, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் லேசான காற்றழுத்தம் கொடுத்தேன். 0.3 பார் தாண்ட வேண்டியதே இல்லை. பைப் நெடுகச் சோப்பு நுரை தடவிக்கொண்டே போனபோது, சேஸிஸோடு பைப்பைப் பிடித்திருக்கும் ஒரு கிளிப்புக்கு அடியிலிருந்து நுரை பொங்கியது. பழைய வண்டிகளில் பைப் அரிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான். கிளிப்புக்கும் பைப்புக்கும் நடுவே மண்ணும் ஈரமும் தங்கும், காய வழியில்லை, அதிர்வில் பெயின்ட் உராய்ந்து போகும். கிளிப்பை எடுத்தபோது இரும்பு பைப் அந்த இடத்தில் மட்டும் பட்டைபட்டையாக உரிந்திருந்தது. நகத்தால் கீறியபோது ஒரு செதில் கழன்று, அதன் அடியில் ஊசிமுனை அளவு கரும்புள்ளி. அந்தப் புள்ளியைத்தான் "பம்ப் போச்சு" என்று படித்திருக்கிறார்கள்.

பைப்பை மாற்றுவதில் சில விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். வெட்டி நடுவில் ரப்பர் ஹோஸ் போடுவதைவிட முழு நீளமும் மாற்றுவது நல்லது. ஒரு இடத்தில் அரித்த பைப் அடுத்த கிளிப்பிலும் அரித்திருக்கும். செம்புக் குழாய் வளைக்கச் சுலபம் என்று அதைப் போட்டுவிடக் கூடாது. செம்பும் துத்தநாகமும் டீசலைச் சீக்கிரம் கெடச் செய்து பிசின் போன்ற படிவை உண்டாக்கும், தவிர அதிர்வில் செம்பு கெட்டிப்பட்டு வெடிக்கும். பைப் முனையில் ஹோஸ் மாட்டும் இடத்தில் சின்ன வரப்பு ஒன்று தூக்கிவிட வேண்டும். வழவழவென்று வெட்டிய முனையில் ஹோஸை எவ்வளவு இறுக்கினாலும் டீசல் சொட்டாது, காற்று மட்டும் நுழையும். ஹோஸ் டீசலுக்கென்று அச்சிடப்பட்டதாக இருக்க வேண்டும். கிளிப்பும் முழு வட்டமாகப் பிடிக்கும் வகையாக இருக்கட்டும். பட்டையில் வெட்டுப் பள்ளம் உள்ள கிளிப் சின்ன ஹோஸின் தோலைக் கடித்துவிடும்.

மேட்டில் இழுவை இல்லாத இரண்டாவது நோய்க்கு வருகிறேன். ஆக்சிலரேட்டரை விட்டால் தெளிந்து, மிதித்தால் திணறுகிறது என்றால், கேட்கும் அளவுக்கு டீசல் வந்து சேரவில்லை. முதலில் டேங்க் மூடி. அதன் மூச்சுத்துளை அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி வரத்து குறையும். தொல்லை வரும் நேரத்தில் மூடியைத் திறந்தால் "புஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். பிறகு ஃபில்டர். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உறிஞ்சலை அளக்கும் ஒரு வேக்கும் கேஜ் மாட்டி, புது ஃபில்டரோடு எவ்வளவு காட்டுகிறது என்று ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டால், ஆயுசுக்கும் பயன்படும். என் வண்டியில் புது ஃபில்டர் போட்ட பிறகும் முள் ஏறிக்கொண்டே போனது. அப்படியானால் அடைப்பு ஃபில்டருக்கும் முன்னால், டேங்குக்குள்.

டேங்கை இறக்குவதற்கு முன் காலி செய்துவிட வேண்டும். 50 லிட்டர் டீசல் ஏறக்குறைய 42 கிலோ; அது ஒரே பக்கமாக அலைபாயும்போது கையில் தாங்காது. உறிஞ்சுகுழாயின் அடியில் இருந்த வலையில் கறுப்பாக, வழுவழுப்பாக ஒரு தோல் படிந்திருந்தது. இது வெறும் அழுக்கு அன்று, உயிருள்ள படிவு. டேங்கின் அடியில் தேங்கும் தண்ணீருக்கும் மேலே நிற்கும் டீசலுக்கும் நடுவேயுள்ள எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை இதில் பேர்பெற்றது. தண்ணீரில் குடியிருந்து டீசலைத் தின்னும். தண்ணீர் இல்லையென்றால் இவை வளராது. அதனால் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டரில் உள்ள வடிகால் திருகை அவ்வப்போது திறந்து தண்ணீரை விடுவதும், நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்கை நிரப்பி வைப்பதும் வெறும் சம்பிரதாயம் இல்லை. பயோடீசல் கலந்த எரிபொருள் தண்ணீரைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும், பழைய படிவையும் கரைத்துக் கிளப்பும். அதற்கு மாறினால் முதல் ஃபில்டர் சீக்கிரமே அடைவதை எதிர்பார்க்க வேண்டும்.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் வெட்டித் திறந்து பாருங்கள். செந்நிறத் தூள் என்றால் டேங்க் துருப்பிடிக்கிறது. கறுப்புக் குழைவு என்றால் மேலே சொன்ன பூஞ்சை. புது ஃபில்டரைப் போடும்போது பழைய ரப்பர் வளையம் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தால் அங்கேயும் காற்று. ஃபில்டரின் நடுத்துளையில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. நடுத்துளை வடிகட்டிய பக்கம். கேனிலிருந்து ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமல் நேராகப் பம்புக்குப் போகும். பிரைமர் எதற்கு இருக்கிறது?

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்கில் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய என்ஜினில் இப்படி ஒரு பம்ப் கிடையாது. எரிபொருளை உயரழுத்தக் காற்றால் ஊதி சிலிண்டருக்குள் அனுப்பினார்கள். அந்தக் காற்றுக்கென்று கனமான கம்ப்ரசர் ஒன்று தேவைப்பட்டது, வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது எளிதாக இல்லை. காற்றில்லாமல் டீசலை மட்டுமே பீய்ச்சும் பம்பை பாஷ் நிறுவனம் 1927-இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது, சாலையில் டீசல் வண்டிகள் பரவ வழி பிறந்தது. இதைச் சாத்தியமாக்கியது உலோகத்தைத் தேய்த்துப் பொருத்தும் நுட்பம்தான். டீசலை அழுத்தித் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும், அது நகரும் உறையான பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு. இரண்டையும் ஜோடியாகத் தேய்த்துச் செய்கிறார்கள், ஒன்றின் பிளஞ்சர் இன்னொன்றுக்குப் பொருந்தாது. இந்த நுண்ணிய இடைவெளிக்கு உயவு டீசல்தான், வேறு ஆயில் கிடையாது. காற்றும் தண்ணீரும் தூசியும் அங்கே போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கக் கோளாறைக் கவனிக்காமல் விட்டால் நல்ல பம்பும் நாளடைவில் உண்மையாகவே போகும். புதுப் பம்ப் மாட்டினாலும் அதே கதிதான்.

டீசலே மாறிப்போனதும் பழைய பம்புகளைப் பாதித்தது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு, உலோகத்துக்கு வழவழப்புத் தந்த சில சேர்மங்களையும் சேர்த்து நீக்கிவிடுகிறது. ஸ்வீடனில் 1990-களின் தொடக்கத்தில் மிகக் குறைந்த கந்தக டீசல் வந்தபோது பம்புகள் அசாதாரணமாகத் தேய்ந்தன; அதன் பிறகு வழவழப்புக்கான சேர்மானமும் சோதனையும் வந்தன. டீசலில் நனைத்து உலோகத்தை உரசும் அந்தச் சோதனையில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பிய டீசல் தரம், அமெரிக்கத் தரம் 520. அமெரிக்காவில் 1993 அக்டோபரில் கந்தக வரம்பு 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) ஆனபோது வேறொரு தொல்லை: பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த நைட்ரைல் ரப்பர் சீல்கள் புது டீசலில் சுருங்கிப் பம்புகள் ஒழுகின. பழைய பம்பின் மேல்பக்கம், ஆக்சிலரேட்டர் தண்டு நுழையும் இடம் ஈரமாக இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அங்கே டீசல் கசியும், நின்றபின் அதே இடத்தில் காற்று நுழையும். முழுப் பம்பையும் மாற்ற வேண்டிய கோளாறு அன்று. சீல் கிட் போட்டால் தீரும். வைட்டான் ரப்பரில் செய்த சீலாகக் கேட்டு வாங்குவது நல்லது. என் பம்ப் அந்த இடத்தில் காய்ந்தே இருந்தது.

ரிட்டர்ன் பக்கத்தை யாரும் மதிப்பதில்லை. இன்ஜெக்டர்களின் தலையை இணைக்கும் சுண்டுவிரலிலும் மெல்லிய, நூல் பின்னிய ஓவர்ஃப்ளோ ஹோஸ்களைத் தொட்டுப் பாருங்கள். பழைய வண்டியில் பெரும்பாலும் நூல் பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும். வளைத்தால் ரப்பரில் கீறல் தெரியும். கடைசி இன்ஜெக்டரின் முனையை மூடும் சின்ன ரப்பர் தொப்பியும் அதே வயசுதான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவது மேல். இன்னொரு முக்கியமான எச்சரிக்கை: பாஷ் வகை ரோட்டரி பம்புகளில் உள்ளே வரும் பேஞ்சோ போல்ட்டும் (நடுவே டீசல் போகத் துளையுள்ள போல்ட்) வெளியே போகும் பேஞ்சோ போல்ட்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். வெளியே போகும் போல்ட்டுக்குள் மிகச் சின்னத் துளை இருக்கிறது, பம்புக்குள் அழுத்தத்தைத் தேக்கி வைப்பது அதுதான். தலையில் எழுத்து பொறித்திருப்பார்கள். இடம் மாற்றி மாட்டினால் டீசல் வரத்தும் குறையும், உள்ளழுத்தமும் கெட்டுவிடும், டைமிங்கும் தடுமாறும்.

இன்ஜெக்டரில் கை வைக்குமுன் ஆபத்தைப் பற்றி. ப்ரீசேம்பர் என்ஜின்களில் நாசில் திறக்கும் அழுத்தம் பொதுவாக 120 முதல் 150 பார் வரை, நேரடி இன்ஜெக்ஷனில் 200 பாருக்கும் மேல். ஊசித்துளையில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே முள் குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், ஆரம்பத்தில் வலியும் அதிகம் இருக்காது. அந்த ஏமாற்றுதான் பயங்கரம். உள்ளே தசை அழுகத் தொடங்கிவிடும். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், உயரழுத்த டீசல் உள்ளே போய்விட்டது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட விரலை நீட்டவே கூடாது, ஒரு அட்டைத் துண்டை நீட்டுங்கள்.

எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று கண்டுபிடிக்கப் பழைய முறை இன்றும் செல்லும்: ஐடிலிங்கில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் பைப் நட்டையும் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, கொஞ்சமே தளர்த்திப் பிறகு இறுக்குவது. நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் என்ஜின் உடனே தடுமாறும். தளர்த்தியும் ஓட்டம் மாறவில்லை என்றால் அந்த சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யவில்லை. காமன் ரெயில் வண்டியில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள்; அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும்.

கழற்றிய இன்ஜெக்டரைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நாசில் டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அமுக்கும்போது மூன்று விஷயம் தெரியும். எந்த அழுத்தத்தில் திறக்கிறது, திறக்கும் அழுத்தத்துக்குக் கொஞ்சம் கீழே பிடித்து வைத்தால் நுனியில் சொட்டு கட்டுகிறதா, பீய்ச்சல் பனிமூட்டம் போலப் பரவுகிறதா, நூல்போலக் கோடாக வருகிறதா. நல்ல நாசில் கரகரவென்று குரல் கொடுக்கும். திறக்கும் அழுத்தம் குறைந்திருந்தால் ஸ்பிரிங்குக்கு மேல் ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைத்து ஏற்றலாம். சொட்டினால் நாசிலையே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றாமல் நாலையும் மாற்றி, நாலையும் ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால்தான் ஐடிலிங் சமமாக இருக்கும். என் வண்டியில் இரண்டு நாசில்கள் சொட்டின. அவற்றின் நுனியில் கரி பூப்போல வளர்ந்திருந்தது.

திரும்ப மாட்டும்போது காப்பர் வாஷரும் அதற்கு அடியில் உள்ள வெப்பத் தடுப்பு வாஷரும் புதிதாக இருக்க வேண்டும். வெப்பத் தடுப்பு வாஷருக்கு மேல் கீழ் உண்டு. எந்தப் பக்கம் என்பதைச் சர்வீஸ் மேனுவலைப் பார்த்தே போட வேண்டும். பழைய வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்பாகத் தார் போல ஏதாவது படிந்திருந்தால் அங்கே கம்ப்ரஷன் கசிந்துகொண்டிருந்தது என்று பொருள்.

இத்தனைக்கும் பிறகும் நோய் தீரவில்லை என்றால் அப்போது பம்பைப் பற்றிப் பேசலாம். அப்போதும் முதலில் ஸ்டாப் சோலினாய்டு (பம்பில் டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு): சாவி போட்டதும் "டிக்" என்ற சத்தம் வருகிறதா, அதன் முனையில் மின்சாரம் வருகிறதா. ஒரு ஒயர் கழன்றதற்காகப் பம்ப் இறக்கப்பட்ட வண்டிகள் உண்டு. ரிட்டர்னில் வரும் டீசலைச் சுத்தமான கண்ணாடி ஜாடியில் பிடித்து வெயிலில் காட்டிப் பார்த்தால், பம்ப் உள்ளே உலோகம் உதிர்க்கிறதா என்று மினுமினுப்பு சொல்லிவிடும். சூடான பிறகு ஸ்டார்ட் ஆகாமல், பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் குளிர வைத்ததும் ஸ்டார்ட் ஆனால், பிளஞ்சர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்; சூட்டில் டீசல் நீர்த்து இடைவெளி வழியாக நழுவுகிறது. இதற்குக் கலிப்ரேஷன் பெஞ்ச் (பம்பை ஓட்டி அளந்து சரிசெய்யும் மேடை) உள்ள இடம்தான் வழி. வீட்டில் பிரிக்கும் பொருள் அன்று அது. கழற்றுவதற்கு முன் பம்ப் ஃபிளேஞ்சும் என்ஜினும் சேரும் இடத்தில் ஒரு கோடு கீறி வைக்க வேண்டும். திரும்ப மாட்டிய பின் அந்தக் கோட்டை மட்டும் நம்பாமல், டயல் கேஜ் மாட்டி பிளஞ்சர் லிஃப்டை அளந்து டைமிங் வைக்க வேண்டும். பல என்ஜின்களில் அந்த அளவு ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும். பம்பை ஒரு மயிரளவு திருப்பினாலே என்ஜினின் தட்டல் சத்தம் மாறுவதைக் காதால் கேட்கலாம்.

கடைசியில் காற்றை வெளியேற்றும் வேலை. ஃபில்டர் தலையின் திருகைத் திறந்து, குமிழி நிற்கும் வரை பிரைமரை அமுக்கி, திருகை மூடி, இறுகும் வரை மறுபடி அமுக்க வேண்டும். பிறகு இன்ஜெக்டர் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்தி வைத்துச் செல்ஃப் அடித்தால் ஒவ்வொன்றாக டீசல் துப்பும். துப்பியதை அப்போதே இறுக்கிவிடலாம். செல்ஃப் மோட்டாரைத் தொடர்ந்து 15 விநாடிக்கு மேல் ஓட்டாமல், நடுவே ஆற விட வேண்டும். சிந்திய டீசலை ரப்பர் மவுன்டிங்குகளிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் துடைத்துவிடுங்கள்.

டேங்கைக் கழுவி மாட்டிய வண்டிக்கு இன்னொரு ஃபில்டர் கைவசம் இருக்கட்டும். மூலைகளில் மிச்சமிருந்த படிவெல்லாம் முதல் சில டேங்க் டீசலில் கிளம்பி வரும், அந்த ஃபில்டரை வழக்கமான இடைவெளி வரை வைத்திருக்கக் கூடாது. புது ஹோஸ் கிளிப்புகள் சூடும் குளிரும் பட்டு ஒருமுறை தளரும், அவற்றையும் அதே நேரத்தில் இறுக்கிவிடலாம். சோதனைக்கு மாட்டிய கண்ணாடி ஹோஸைக் கழற்றிவிட்டு ரப்பர் ஹோஸை மாட்டுங்கள். அந்த பிளாஸ்டிக் டீசலிலும் என்ஜின் சூட்டிலும் கெட்டிப்பட்டு, கொஞ்ச நாளில் அதன் வழியாகவே காற்று நுழையும்.